முண்டுக் கட்டையிலிருந்து ஒரு தட்டு

தயிரை மத்தினால் சுழற்றி வெண்ணெய் எடுப்பதைக் ‘கடைதல்’ என்கிறோம். மரக்கட்டையைச் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பிடித்து, பம்பரமும் தொட்டில் காலும் செய்வதையும் ‘கடைதல்’ என்றே சொல்கிறோம். இரண்டு வேலைகளுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது பொருத்தமானதே. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால், மத்து ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். மின்சாரம் இல்லாத காலத்தில் மரம் கடையும் கருவியும் இப்படித்தான் இயங்கியது. ஒருவர் கயிற்றை இழுப்பார். மற்றொருவர் உளி பிடிப்பார். எகிப்து நாட்டில் பெட்டோசிரிஸ் என்பவருடைய கல்லறைச் சுவரில், கி.மு. 300ஐ ஒட்டிச் செதுக்கப்பட்ட காட்சி ஒன்றில் இத்தகைய இருவரைக் காணலாம்.

இன்று கயிற்றின் இடத்தில் மின்மோட்டார் வந்துவிட்டது. பட்டறைகளில் ‘லேத்’ என்று சொல்லப்படும் கடைசல் இயந்திரம் கட்டையை ஒரே திசையில் இடைவிடாமல் சுழற்றுகிறது. ஆனால் உளி பிடிக்கும் கைக்குத் தெரிய வேண்டிய அறிவியல் மாறவில்லை. அந்த அறிவியலை, கடைவதற்கு மிகவும் கடினமான ஒரு கட்டையைக் கொண்டு இக்கட்டுரையில் கற்போம்.

யாரும் தொடாத விறகு

கடைசல்காரர்கள் வழக்கமாக விரும்புவது நேரான நார்களும் சீரான அடர்த்தியும் உடைய மரத்தைத்தான். கருநாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைகளும் ஆந்திரத்து ஏடிகொப்பாகப் பொம்மைகளும் வெட்பாலை மரத்தில் கடையப்படுகின்றன. அம்மரம் வெண்மையானது, உளிக்கு எளிதில் இணங்குவது. நமது அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களும் இவ்வாறு கடைந்து எடுக்கப்படுபவையே.

இதற்கு நேர்மாறான கட்டை ஒன்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகே உள்ள ஆயக்குடி, கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அந்தப் பக்கத்து விறகுக் கடை ஒன்றில் சற்று நின்று பாருங்கள். காற்றில் சாய்ந்த வேம்பும், பட்டுப்போன புளியும், காய்ப்பு ஓய்ந்த கொய்யாவும் துண்டுகளாகிக் கிடக்கும். நேரான துண்டுகளைக் கோடரி இரண்டே வெட்டில் பிளந்துவிடும். ஆனால் குவியலின் ஓரத்தில், முண்டும் முடிச்சுமாகச் சில உருண்டைகள் ஒதுங்கிக் கிடப்பதைக் காணலாம். கோடரி அவற்றில் பதியுமே தவிர, பிளவு ஓடாது. விறகு வெட்டுபவர் நாலு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார்.

மரத்தின் உடலில் கழலை போலப் புடைத்து நிற்கும் இப்பகுதியை முண்டு என்றே இக்கட்டுரையில் அழைப்போம். விறகுக்கு உதவாத இந்த முண்டிலிருந்துதான் உலகின் மிக அழகிய மரத்தட்டுகளும் கிண்ணங்களும் கடையப்படுகின்றன. பூட்டான் நாட்டின் கிழக்கே உள்ள டிராஷியாங்சே என்னும் ஊர் இத்தகைய கிண்ணங்களுக்குப் புகழ்பெற்றது. பூட்டானியர் தங்கள் மரபுக் கலைகளைப் பதின்மூன்றாக வகுத்துள்ளனர். மரம் கடைதல் அவற்றுள் ஒன்று. அதற்கு ‘ஷக்சோ’ என்று பெயர். அங்கும் நேரான மரத்தில் செய்த கிண்ணத்தைவிட, முண்டில் செய்த கிண்ணத்திற்கே மதிப்பு அதிகம்.

விறகுக்காரர் ஒதுக்கும் அதே காரணத்திற்காகத்தான் கடைசல்காரர் அதனை விரும்புகிறார். அந்தக் காரணம் என்ன?

திசையுள்ள மரமும் திசையிழந்த மரமும்

ஒரு விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளை நீளவாக்கில் பிரிப்பது எளிது. கட்டை குறுக்காக ஒடிப்பது அரிது. மரமும் அவ்வாறே. வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும், மரத்துக்கு வலுவூட்டும் நார்களும் பெரும்பாலும் தண்டின் நீளவாக்கில் அடுக்கப்பட்டுள்ளன. எனவே மரத்திற்கு ஒரு திசை உண்டு. நாரின் நீளவாக்கில் இழுத்தால் மரம் மிகுந்த வலிமை காட்டும். குறுக்காக இழுத்தால் நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். கோடரி செய்வது இதைத்தான்.

கறிக்கடையில் உள்ள புளியங்கட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? அது மரத்தைக் குறுக்கே அறுத்து எடுத்த வட்டத் துண்டு. கத்தி நார்களின் முனைகள்மீது விழுகிறது. நார்களுக்கு இடையே புகுந்து வெளியேறுகிறது. அதே மரத்தின் பலகையைப் படுக்கையாக வைத்து வெட்டினால், நார்கள் அறுபட்டுச் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிடும். மரம் ஒன்றே, திசை மாறினால் குணமும் மாறுகிறது.

முண்டு எப்படி உருவாகிறது? மரப்பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு அடுக்கு உள்ளது. அது உட்புறம் மரத்தையும் வெளிப்புறம் பட்டையையும் ஆண்டுதோறும் உண்டாக்குகிறது. காயம், பூச்சி, பூஞ்சை, நுண்ணுயிர் ஆகியவற்றால் ஓரிடத்தில் இந்த அடுக்கின் ஒழுங்கு குலைந்தால், அங்குத் திசுக்கள் தாறுமாறாகப் பெருகும். கிளையாக வளராமல் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் நூற்றுக்கணக்கில் அவ்விடத்தில் திரளலாம். ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக்கொண்டு, ஓடையின் சுழல்போல, நார்கள் வளைந்து வளைந்து செல்லும். முண்டை அறுத்தால் தெரியும் சிறு ‘கண்கள்’ இந்த மொட்டுகளின் தடங்களே.

ஆகவே முண்டில் நார் இல்லாமலில்லை. நாருக்குப் பொதுவான திசைதான் இல்லை. ஓரிடத்தில் தொடங்கிய பிளவு அடுத்த விரற்கடையில் வேறு திசையில் ஓடும் நார்களைச் சந்தித்துத் தடைபடுகிறது. கோடரி தோற்பதும், மெல்லிய விளிம்புள்ள தட்டு எளிதில் இரண்டாகப் பிளந்து போகாமல் நிற்பதும் இதனால்தான். ஆனால் முண்டு குறையே இல்லாத கட்டை என்று எண்ணிவிடக் கூடாது. அதனுள் பட்டை புதைந்திருக்கலாம், பொந்து இருக்கலாம், ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் இலேசாகவும் இருக்கலாம். இந்தக் குறைகளோடு அது வேகமாகச் சுழலப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சுழற்றும் முன் ஒரு சோதனை

முண்டிலிருந்து தடித்த பலகை ஒன்றை அறுத்து எடுக்கிறார்கள். அதன் மேல்முகத்தில் ஓர் இரும்புத் தட்டைத் திருகாணிகளால் பொருத்தி, அந்த இரும்புத் தட்டை லேத்தின் சுழல் அச்சில் முடுக்குகிறார்கள். திருகாணி பதியும் பகுதி பின்னர்க் குடைந்து நீக்கப்படும். எனவே தட்டில் துளை தெரியாது.

இரும்புத் தட்டை எந்த இடத்தில் பொருத்துவது? பார்வைக்கு நடுவாகத் தெரியும் இடம் நடு அல்ல. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒழுங்கற்ற அட்டை ஒன்றின் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்திருப்பீர்கள். அட்டையை ஓர் ஓரத்தில் தொங்கவிட்டு, தூக்குக்குண்டின் நூல் வழியே கோடு வரைவோம். வேறோர் ஓரத்தில் தொங்கவிட்டு மறுகோடு வரைவோம். இரண்டும் வெட்டும் இடமே ஈர்ப்பு மையம். முண்டுப் பலகைக்கும் இந்தச் சோதனை பொருந்தும். இயற்கையான விளிம்பை அறுக்காமல் அப்படியே விட்டுச் செய்யும் தட்டுகளுக்கு இது மிகவும் உதவும்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டையின் நிறை 4 கிலோகிராம். அதன் ஈர்ப்பு மையம் சுழல் அச்சிலிருந்து 1 செ.மீ. விலகியிருக்கிறது, இயந்திரம் நிமிடத்திற்கு 300 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு 5 சுற்றுகள். கோணத் திசைவேகம் 2 × 3.14 × 5 = 31.4 ரேடியன்/வினாடி. கட்டையை வட்டப் பாதையில் இழுத்து வைக்கத் தேவையான மையநோக்கு விசை = நிறை × கோணத் திசைவேகத்தின் இருமடி × விலகல் தூரம். விடை ஏறத்தாழ 39 நியூட்டன். அது கட்டையின் எடைக்கு ஏறக்குறைய சமம். இயந்திரம் இதைத் தாங்கிக்கொள்ளும்.

வேகத்தை 600 சுற்றுகளாக இரட்டித்தால் என்ன ஆகும்? சூத்திரத்தில் கோணத் திசைவேகம் இருமடியாக வருவதால் விசை இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்காகும். அதாவது ஏறத்தாழ 158 நியூட்டன். தன் எடையைப் போல் நான்கு மடங்கு விசையுடன், வினாடிக்குப் பத்து முறை திசையை மாற்றி மாற்றி, அந்தக் கட்டை இயந்திரத்தை உலுக்கும். 1200 சுற்றுகளில் பதினாறு மடங்கு! இயந்திரம் தரையில் நகரத் தொடங்குவதும், திருகாணி பிய்த்துக்கொண்டு வருவதும் இவ்வாறே நிகழ்கின்றன.

எனவே அனுபவமுள்ள கடைசல்காரர் கட்டையைப் பொருத்தியதும் விசையைப் போடமாட்டார். முதலில் கையால் மெதுவாகச் சுழற்றி விட்டுவிடுவார். கனமான பக்கம் தானாகவே கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் சிறிது மரத்தைச் செதுக்கி எடுத்து, மீண்டும் சுழற்றிப் பார்ப்பார். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும் நிலை வந்தால், ஈர்ப்பு மையம் அச்சின் மீது வந்துவிட்டது என்று பொருள்.

பிறகு மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குவார். வேகத்தை மாற்ற வார்ப்பட்டையைப் படிக்கப்பியின் ஒரு படியிலிருந்து மறுபடிக்கு நகர்த்தினால் போதும். மோட்டார் கப்பியின் விட்டத்தை அதன் சுற்றுகளால் பெருக்கிவரும் தொகையும், அச்சுக் கப்பியின் விட்டத்தை அதன் சுற்றுகளால் பெருக்கிவரும் தொகையும் சமம். மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்றுகள் சுற்றுகிறது. அதன் கப்பி 5 செ.மீ., அச்சின் கப்பி 24 செ.மீ. என்றால், அச்சு 300 சுற்றுகள் சுற்றும். மோட்டார் கப்பி 10 செ.மீ. ஆனால் 600 சுற்றுகள்.

ஒரே தட்டில் பல வேகங்கள்

கட்டை சமநிலைக்கு வந்துவிட்டது. 30 செ.மீ. விட்டமுள்ள தட்டாக, நிமிடத்திற்கு 600 சுற்றுகளில் கடைகிறோம் என்று கொள்வோம். இத்தட்டின் வேகம் என்ன? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை.

தட்டின் எல்லாப் புள்ளிகளும் வினாடிக்குப் பத்து முறை சுற்றுகின்றன. ஆனால் விளிம்பில் உள்ள புள்ளி ஒரு சுற்றில் 94 செ.மீ. சுற்றளவைக் கடக்க வேண்டும். எனவே அதன் வேகம் வினாடிக்கு 9.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர். மையத்திலிருந்து 3 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியோ மணிக்கு 7 கிலோமீட்டருக்கும் குறைவாகவே செல்கிறது. விளிம்பு மொபெட்டின் வேகத்திலும், நடுப்பகுதி விரைந்து நடப்பவரின் வேகத்திலும் செல்கின்றன! சரியாக மையத்தில் வேகம் சுழி. அங்கு உளி வெட்டுவதில்லை. அழுத்த மட்டுமே செய்கிறது. புதிதாகப் பழகுபவர் கடைந்த தட்டின் நடுவில் சிறு கொம்பு போன்ற முளை எஞ்சி நிற்பதற்கு இதுவே காரணம்.

இப்போது விளிம்பில் 50 கிராம் எடையுள்ள பட்டைத் துண்டு ஒன்று அரைகுறையாக ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வட்டப் பாதையில் பிடித்து வைக்க ஏறத்தாழ 30 நியூட்டன் மையநோக்கு விசை வேண்டும். அத்துண்டில் 3 கிலோகிராம் பொருளைக் கட்டித் தொங்கவிட்டதற்கு இது சமம். 1200 சுற்றுகளில் அது 12 கிலோகிராம் தொங்குவதற்குச் சமமாகும். அத்துண்டை மரத்தோடு பிணைத்திருக்கும் நார்கள் அவ்வளவு விசையைத் தராவிட்டால் துண்டு பிய்த்துக்கொண்டு பறக்கும்.

பறக்கும் துண்டு எத்திசையில் செல்லும்? மையத்திலிருந்து நேராக வெளியே, ஆரத்தின் வழியே செல்லும் என்று பலர் நினைப்பர். அது தவறு. பிடி விட்ட கணத்தில் துண்டு எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே, அதாவது வட்டத்தின் தொடுகோட்டின் வழியே செல்லும். சைக்கிள் சக்கரத்திலிருந்து சேறு தெறிப்பதைக் கவனித்தால் இது விளங்கும். ஆகவே துண்டுகள் பெரும்பாலும் தட்டு சுழலும் தளத்திலேயே பறக்கின்றன. அந்தத் தளத்தில் நிற்காமல் ஒதுங்கி நிற்பது கடைசல் பட்டறையின் முதல் பாடம்.

வினாடிக்கு 9.4 மீட்டர் வேகம் என்பது நாலரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம். 1200 சுற்றுகளில் அது 18 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்தாறு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. இந்த நான்கை அறியாமல் வார்ப்பட்டையை ஒரு படி மாற்றுவது கண்ணையே விலையாகக் கேட்கும். முகத்தை மூடும் தெளிவான கவசம் இல்லாமல் எவரும் லேத் முன்பு நிற்கலாகாது.

கடைசல்காரர் பலர் ஓர் எளிய கணக்கை வைத்திருக்கின்றனர். தட்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையே வர வேண்டும். நமது 30 செ.மீ. தட்டு ஏறத்தாழ 12 அங்குலம்; 12 × 600 = 7,200. பெரிய தட்டு மெதுவாகச் சுழல வேண்டும், சிறிய தட்டு வேகமாகச் சுழலலாம் என்பதே இதன் பொருள். விளிம்பின் வேகத்தை ஓர் எல்லைக்குள் வைப்பதுதான் இந்தக் கணக்கு. ஆனால் இது சமநிலைக்கு வந்த, உறுதியான கட்டைக்குத்தான் பொருந்தும். தொடக்கத்தில் வேகம் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

உளியும் நெம்புகோலும்

லேத்தில் உளியை வெறுங்கையில் ஏந்திப் பிடிப்பதில்லை. கட்டைக்கு முன்னால் உள்ள இரும்புத் தாங்கியின்மேல் அதைப் படிய வைக்கிறார்கள். அந்தக் கணத்தில் உளி ஒரு நெம்புகோலாகிறது. தாங்கி அதன் ஆதாரப் புள்ளி. உளியின் நுனி தாங்கியிலிருந்து 2 செ.மீ. நீண்டிருக்கிறது, கை தாங்கியிலிருந்து 40 செ.மீ. தொலைவில் பிடித்திருக்கிறது. கட்டை உளி நுனியை 100 நியூட்டன் விசையுடன் கீழே தள்ளினால், கை தாங்க வேண்டியது 5 நியூட்டன் மட்டுமே. தட்டின் உள்ளே குடையும்போது நுனி 10 செ.மீ. நீண்டுவிட்டால், கைக்கு எஞ்சுவது 32 செ.மீ. அப்போது கை 31 நியூட்டன் தாங்க வேண்டும், ஆறு மடங்கு! எனவே மரம் குறையக் குறைய, இயந்திரத்தை நிறுத்தித் தாங்கியை முன்னே நகர்த்துகிறார்கள்.

நேரான நாருள்ள பலகையில் தட்டு கடையும்போது, ஒவ்வொரு சுற்றிலும் உளி இருமுறை நாரின் பக்கவாட்டையும் இருமுறை நாரின் முனையையும் மாறி மாறிச் சந்திக்கும். முனை வரும் இடங்களில் நார் பெயர்ந்து சொரசொரப்பாகும். முண்டில் இந்த ஒழுங்கும் கிடையாது. எங்கு எந்தத் திசை நார் வரும் என்பதை உளி முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே இங்குப் பலம் பயன்படாது, கூர்மையே பயன்படும். அடிக்கடி சாணை பிடித்த உளியால், மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும்.

விளிம்பில் ஆழமாக வெட்டினால் மோட்டார் திணறுவதையும் காணலாம். 50 நியூட்டன் வெட்டு விசை 15 செ.மீ. ஆரத்தில் தாக்கும்போது எதிர்க்கும் திருப்பு விசை 7.5 நியூட்டன்-மீட்டர். அதே விசை 3 செ.மீ. ஆரத்தில் 1.5 நியூட்டன்-மீட்டர்தான். 600 சுற்றுகளில் விளிம்பு வெட்டுக்குத் தேவையான திறன் ஏறத்தாழ 470 வாட். அரைக் குதிரைத்திறனுக்கும் அதிகம்.

பாதியில் நிறுத்தி வைக்கும் வேலை

பச்சை மரத்தில் தட்டை முழுவதும் கடைந்து முடித்துவிட்டால், சில வாரங்களில் அது வட்டமாக இராது. மரத்தில் நீர் இருவகையில் உள்ளது. நுண்குழாய்களின் பொந்துகளில் உள்ள நீர் முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர, மரம் சுருங்காது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்திற்குக் கீழே இறங்கியதும், செல் சுவர்களுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம் ஆரம்பமாகிறது.

இங்கும் திசை குறுக்கிடுகிறது. நாரின் நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே ஓரளவு சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். எனவே நேரான மரத்தில் கடைந்த 30 செ.மீ. வட்டம், குறுக்கே மட்டும் 5 சதவீதம் சுருங்கினால், 30 செ.மீ. நீளமும் 28.5 செ.மீ. அகலமும் உள்ள நீள்வட்டமாகிவிடும். முண்டில் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒவ்வொரு திசையில் சுருங்குவதால் தட்டு ஒரே பக்கமாக நீள்வதில்லை. ஆனால் மேற்பரப்பு அலை அலையாக மேடுபள்ளம் கொள்ளும். அவசரமாகக் காயவைத்தால் உள்ளே வெடிப்பும் விழும்.

இதற்குக் கடைசல்காரர் கண்ட வழி, தட்டை இருமுறை கடைவதாகும். முதல்முறை, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்குமாறு முரட்டுத் தட்டாகக் கடைகிறார்கள். 30 செ.மீ. தட்டுக்கு 3 செ.மீ. தடிமன். பிறகு அதற்கு மெழுகு பூசியோ காகிதப் பையில் இட்டோ, வெயில் படாத இடத்தில் பல மாதங்கள் வைக்கிறார்கள். ஈரம் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்து வைக்கலாம். எடை குறைவது நின்றுவிட்டால், மரத்தின் ஈரமும் ஊர்க் காற்றின் ஈரமும் சமநிலைக்கு வந்துவிட்டன. அதன்பின் மீண்டும் லேத்தில் ஏற்றி, கோணலைச் சீவி, மெல்லிய தட்டாக முடிக்கிறார்கள்.

ஈரப்பதத்தைக் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மரத்திலுள்ள நீரின் நிறையை, முற்றிலும் உலர்ந்த மரத்தின் நிறையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 600 கிராம் துண்டு முற்றிலும் உலர்ந்தபின் 400 கிராம் இருந்தால், ஈரப்பதம் 50 சதவீதம். வகுப்பது உலர் நிறையால் என்பதால், பச்சை மரத்தின் ஈரப்பதம் நூறு சதவீதத்திற்கு மேலும் இருக்கலாம், வியப்படைய வேண்டாம்.

மெருகு ஏற்றுவதிலும் இயற்பியல் உண்டு. சன்னபட்டணத்தில் சுழலும் பொம்மையின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வினால் பிறக்கும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. அதற்குத் தனியாக அடுப்பு வேண்டியதில்லை. முண்டுத் தட்டிலோ மரத்தின் சுழல்கோலமே அழகு. எனவே அதை மறைக்காத எண்ணெயோ மெழுகோ தேய்த்தால் போதும்.

மெருகுக்கு முன் உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் நுண்தூளைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. மூக்கையும் வாயையும் மூடும் தூசி வடிகட்டி அவசியம். தொங்கும் துண்டு, தாவணி, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றோடு லேத் அருகே செல்வதும் கூடாது.

மரத்தின் காயம்

முண்டின் அழகைக் கேட்டதும், சாலையோரப் புளியில் உள்ள முண்டை அறுத்து எடுக்கலாமே என்று யாருக்காவது தோன்றலாம். அது கூடவே கூடாது. முண்டை அறுத்தால் அங்குப் பட்டையும் கேம்பியமும் ஒருங்கே போய்விடும். திறந்த காயத்தின் வழியே பூஞ்சையும் கறையானும் நுழையும். மரம் உள்ளிருந்து சொத்தையாகும்.

சில மரங்களுக்கு முண்டு என்பது சேமிப்புப் பெட்டி. தைல மர இனங்கள் பலவற்றில் அடிமரம் மண்ணோடு சேரும் இடத்தில் ஒரு முண்டு உண்டு. காட்டுத் தீயில் தண்டு கருகினாலும், அம்முண்டில் உறங்கும் மொட்டுகள் துளிர்த்து மரத்தைக் காப்பாற்றும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ரெட்வுட் என்னும் மாபெரும் மரங்களும் அடிமுண்டிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. அம்முண்டுகளை விலைக்கு விற்பதற்காகத் திருடர்கள் இரவில் வந்து அறுத்துச் சென்றனர். திருட்டு மிகுந்ததால் 2014ஆம் ஆண்டில் அங்குள்ள தேசியப் பூங்காவின் சாலை ஒன்றை இரவு நேரத்தில் மூடிவிட வேண்டியதாயிற்று. ஒரு தட்டுக்காக, பல நூற்றாண்டு வாழ்ந்த மரத்தின் மறுபிறவியைப் பறிப்பது எவ்வகையிலும் ஈடாகாது.

ஆயக்குடி விறகுக் கடையில் ஒதுங்கிக் கிடக்கும் முண்டின் நிலை வேறு. அந்த மரம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது. அடுப்பில் சாம்பலாக இருந்த கட்டை, கணக்கறிந்த ஒரு கையில் தலைமுறைகள் பார்க்கும் தட்டாகிறது. மரம் தன் காயத்தைச் சுற்றி வளர்த்துக்கொண்ட ஒழுங்கின்மையை, ஓர் அச்சைச் சுற்றிய ஒழுங்கான சுழற்சியால் நாம் வெளிக்கொணர்கிறோம். இதற்கு வேண்டிய அறிவு முழுவதும் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

செய்து பாருங்கள்

லேத் இல்லாமலே சமநிலையை ஆராயலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி விடுங்கள். நிற்கும்போது எந்தப் பகுதி கீழே வருகிறது என்று சாக்கட்டியால் குறியுங்கள். பலமுறை செய்யுங்கள். பெரும்பாலும் காற்றடிக்கும் வால்வு உள்ள பக்கமே கீழே வரும். இப்போது வால்வுக்கு நேர் எதிரே, கம்பியில் சிறிது களிமண்ணை ஒட்டுங்கள். அளவைக் கூட்டியும் குறைத்தும், சக்கரம் எங்கு விட்டாலும் அங்கேயே நிற்குமாறு செய்யுங்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விரலை நுழைத்துவிடாதீர்கள்.

சிந்தனைக்கு

1. 30 செ.மீ. தட்டு 600 சுற்றுகளில் பெறும் விளிம்பு வேகத்தையே 20 செ.மீ. தட்டும் பெற வேண்டுமானால், அது நிமிடத்திற்கு எத்தனை சுற்றுகள் சுற்ற வேண்டும்?

2. 600 கிராம் முண்டுத் துண்டு முற்றிலும் உலர்ந்தபின் 480 கிராம் இருந்தது. தொடக்கத்தில் அதன் ஈரப்பதம் என்ன?

3. கட்டையின் வேகத்தை 300இலிருந்து 900 சுற்றுகளாக உயர்த்தினால், சமநிலையற்ற விசை எத்தனை மடங்காகும்?

விடைகள்: (1) 900 சுற்றுகள். (2) 25 சதவீதம். (3) ஒன்பது மடங்கு.